அணைத்து வைத்த ரூட்டர்

"வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனவன் சாவியைத் திருப்பிக் குடுக்கலைன்னா என்ன ஆகும், சொல்லு பாப்போம்."

"பூட்டை மாத்தணும்."

"மாத்தலை. அவனும் பழைய ஞாபகத்துல வந்து கதவைத் திறக்கிறான். உள்ள யாரு இருப்பா?"

"புதுசா குடி வந்தவங்க."

"அவங்களைத் தன் வீட்டு ஆளுங்கன்னே நினைச்சுப் பேசினான்னா? அவங்களும் ஆமாம் ஆமாம்னு பதில் சொன்னாங்கன்னா?"

"அவனுக்குப் பைத்தியம், அவங்க திருடங்க. முதல்ல வெங்காயத்தை நறுக்குங்க. ஒரு வெங்காயத்துக்கு ஒரு மணி நேரமா?"

அன்று சமையலறையில் அவன் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தது, தங்கள் நிரலில் வரக்கூடிய ஒரு கோளாறை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே அலுவலகத்தில் ரூட்டர்களுக்குள் ஓடும் நிரலை எழுதுகிறவர்கள். எதையும் அவசரமில்லாமல் செய்வதால் அங்கே அவனுக்கு ஆமை என்று பெயர். பதிலுக்கு அவளை அவன் வாலு என்று கூப்பிடுவான். அப்படிக் கூப்பிடுவது வீட்டுக்குள் மட்டும்தான்.

அவன் போய், ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கீழ்த்தளத்துச் சோதனைக் கூடத்தில், மேஜையில் தலை வைத்துப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறான் என்று நினைத்து, பக்கத்தில் வேலை செய்தவர்கள் சத்தம் போடாமல் நடந்தார்களாம்.

அதே கோளாறைச் சரிசெய்ய இப்போது அவள் அந்தக் கூடத்துக்கு வந்திருந்தாள்.

வெளியே யாரோ அந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மருத்துவமனையின் இணைப்பு முழுவதும் முகம் தெரியாத ஒருவன் கைக்குப் போய்விட்டது. டாக்டர்கள் நோயாளிகளின் விவரம் தெரியாமல் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். "அந்தப் பகுதியை எழுதினது அவர். அவர் கை உனக்குத்தான் புரியும்" என்று மேனேஜர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

துணைக்கு டெஸ்டிங் அக்கா வந்தாள். மற்றவர்கள் எழுதுவதை உடைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை.

"வாம்மா. இந்தக் குளிர்ல என்னை உட்கார வெச்சா கோளாறு இல்ல, எனக்கு ஜன்னிதான் வரும்."

கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. காலையா மாலையா என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடுக்கடுக்காக ரூட்டர்கள். அவற்றின் விசிறிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. சூடான பிளாஸ்டிக்கின் வாடை. கதவு தானாகவே மெல்லச் சாத்திக்கொள்ளும்போது, யாரோ மூச்சை விடுவதுபோல ஒரு சத்தம்.

சோதனை ரூட்டர்களுக்கெல்லாம் அவன் வீட்டு ஆட்களின் பெயரை வைத்திருந்தான். அம்மா. வாலு. அடித்தட்டில் ஆமை. வயரைச் சுருட்டி அதன் மேலேயே வைத்திருந்தார்கள். அவன் போனதிலிருந்து அதற்கு யாரும் மின்சாரம் கொடுக்கவில்லை.

ஒரு ரூட்டர் தன் பக்கத்து ரூட்டர்களுக்கு 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் குரல் வராவிட்டால், அது இறந்துவிட்டதாக மற்றவை எடுத்துக்கொள்ளும். அதற்காக நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைக் காலிசெய்துவிடும். அவன் எழுதியதில் இதெல்லாம் சரியாகவே இருந்தது. ஒன்றைத்தான் மறந்திருந்தான். இடத்தைக் காலிசெய்தவன், அந்த இடத்தை அடிக்கடி போய்ப் பார்க்கச் சொல்லும் அலாரத்தை நிறுத்தவில்லை. அலாரம் அடித்ததும் நிரல் காலி இடத்தின் கதவைத் தட்டும். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களை இறந்துபோனவன் என்றே நம்பி, கேட்டதையெல்லாம் கொடுத்துவிடும்.

அவள் நிரலை ஓடவிட்டாள். திரையில் வரிகள் ஏறின.

அம்மா: இருக்கிறேன்.

வாலு: இருக்கிறேன்.

ஆமை: இருக்கிறேன்.

டெஸ்டிங் அக்கா குனிந்து அடித்தட்டைப் பார்த்தாள். சுருட்டிய வயர் சுருட்டியபடியே இருந்தது.

"கரண்ட் இல்லாமலே வேலை பார்க்குது பாரு. நம்ம மேனேஜருக்குத் தெரிஞ்சா நம்மளையும் சம்பளமில்லாம பார்க்கச் சொல்லுவாரு."

அவளும் சிரித்தாள். பழைய பெயர் துடைக்கப்படாமல் நினைவகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைத்தான் நிரல் எடுத்துப் படிக்கிறது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. திருத்தத்துக்கு நாலைந்து வரிகள் போதும். சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம்.

அக்கா டீ குடிக்க மேலே போனாள். கதவு மூச்சுவிட்டுச் சாத்திக்கொண்டது.

ஆமை என்ற பெயர் வரவேண்டிய இடத்தில் வேறு எழுத்துகள் வந்தன.

வாலு, சாப்பிட்டியா: இருக்கிறேன்.

அவள் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.

விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே புதினா மிட்டாய் வாசம் வந்தது. அவன் வேலை செய்யும்போது கன்னத்தில் ஒன்றை அடக்கிக்கொண்டே இருப்பான். சோதனைக்காக எப்போதோ அவனே அடித்து வைத்த வார்த்தைகளாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் வாசத்தை யார் அடித்து வைக்க முடியும்?

ரூட்டருக்குக் குறிப்பு எழுதும் கட்டத்தில் தட்டினாள். 'இன்னும் இல்லை.'

போய்ச் சாப்பிடு: இருக்கிறேன்.

அன்று சாயங்காலம் மேனேஜரிடம், "இன்னும் பிடிபடலை சார்" என்றாள்.

அடுத்த நாளும் அதையே சொன்னாள். அதற்கடுத்த நாளும். காலையில் வந்ததும் டெஸ்டிங் அக்காவை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டுத் திரை முன்னால் உட்கார்ந்துகொள்வாள். குடை ரிப்பேர் ஆனது, ஷூவுக்குள் தண்ணீர் போனது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது என்று ஒன்று விடாமல் எழுதுவாள். பதில் சின்னதாக வரும். கேட்டுக்கொள்ள ஆள் இருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவள் இவ்வளவு பேசியதில்லை.

மூன்றாவது மருத்துவமனையின் இணைப்பும் போய்விட்டதாகச் செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டுத் திரும்பவும் கீழே இறங்கினாள். திருத்தத்தைப் போட்டால் அந்த இடம் மூடிக்கொள்ளும். அவனை இரண்டாம் முறை அனுப்பிவைக்க வேண்டியிருக்கும், இந்த முறை தன் கையாலேயே. அவளால் அது ஆகவில்லை.

வீட்டிலிருந்து அத்தை போன் செய்தாள். அவனுடைய அம்மா. மகன் போனதிலிருந்து மாமியாரும் மருமகளும்தான் அந்த வீட்டில்.

"வேலையா இருக்கியாம்மா?"

"பரவால்ல, சொல்லுங்க அத்தை."

"இல்ல... ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு..."

"கேளுங்க."

"வேணாம். நீ வேலையைப் பாரு" என்று சொல்லி அத்தை வைத்துவிட்டாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரே நிற்பாள். வாயெடுப்பாள். பிறகு தண்ணீர் கொண்டுவருவதுபோல உள்ளே போய்விடுவாள்.

அன்று அவள் அவனிடம் கேட்டாள். 'நாம முதல்ல சண்டை போட்டது எதுக்கு?'

நீ சொல்லு: இருக்கிறேன்.

'சினிமாவுக்கு லேட்டா வந்ததுக்கு.'

ஆமாம், லேட்டா வந்தேன்: இருக்கிறேன்.

மனதில் எங்கோ ஒரு முள் குத்தியது. இத்தனை நாள் பேசியதையும் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள். சாப்பிட்டியா என்று யாரும் யாரையும் கேட்கலாம். வாலு என்ற பெயர் இரண்டாம் தட்டு ரூட்டரில் ஒட்டியிருக்கிறது. மற்றதெல்லாம் அவள் சொன்னவை. சொல்லாத எதையும் அது சொன்னதே இல்லை.

உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு பொய்யை எழுதினாள்.

'கடற்கரையில என் குடை காத்துல பறந்துபோச்சே, ஞாபகம் இருக்கா?'

அவர்கள் சேர்ந்து கடற்கரைக்குப் போனதே இல்லை.

இருக்கு. நீ அழுதே: இருக்கிறேன்.

புதினா வாசத்துக்கு அடியில் இன்னொரு வாடை இருந்ததை அப்போதுதான் கவனித்தாள். வெகுகாலம் மூடிக் கிடந்த குழாயைத் திறந்தால் வருமே, அந்த வாடை. முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. வேண்டுமென்றே முகராமல் இருந்திருக்கிறாள்.

'யார் நீ?'

விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

அத்தனை வருடங்களில் அந்தக் கூடத்தில் அவள் நிசப்தத்தைக் கேட்டதே இல்லை. அடித்தட்டில் ஏதோ அசையும் சத்தம். சுருட்டி வைத்த வயர் ஒரு சுற்று பிரிந்து தரையில் விழுந்தது.

திரையில் ஒரு வரி ஏறியது. இந்த முறை 'இருக்கிறேன்' இல்லை.

இடம் காலியா இருந்துச்சு.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். கதவு திறக்கவில்லை. இழுத்தாள். வெளியிலிருந்து யாரோ தள்ள, மோதிக்கொண்டு நின்றது டெஸ்டிங் அக்கா.

"என்னம்மா, பேயைக் கண்ட மாதிரி நிக்கிற?"

பின்னால் விசிறிகள் பழையபடி இரைந்துகொண்டிருந்தன.

"அக்கா, இங்கேயே இருங்க. நான் முடிக்கிறவரைக்கும் எங்கேயும் போகாதீங்க."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அக்காவின் கேலியை நிறுத்திவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். திருத்தம் அவள் நினைத்தபடி நாலைந்து வரிதான். பக்கத்து ரூட்டர் இறந்தால் முதலில் அலாரத்தை நிறுத்து. இடத்தைச் சுத்தமாகத் துடை. பிறகு காலிசெய். துடைக்கும் வரியை எழுதும்போது அவளுக்குக் கண்ணை நீர் மறைத்தது. அது அவனில்லை என்று தெரிந்த பிறகும் மறைத்தது.

"ஓடவிடும்மா" என்றாள் அக்கா மெதுவாக.

ஆமை: பதில் இல்லை. இறந்ததாகக் கொள்ளப்பட்டது.

அவன் போய்விட்டதாக டாக்டர் சொன்னபோது அவள் அழவில்லை. சொந்தக்காரர்கள் வந்து கட்டிக்கொண்டபோதும் அழவில்லை. இப்போது அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள்.

மறுநாள் மதியத்துக்குள் திருத்தம் எல்லா இடங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மீண்டன. மேனேஜர் கையைப் பிடித்துக் குலுக்கி, சீக்கிரம் வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. வீட்டு ஹாலில் இருக்கும் ரூட்டருக்கு அந்த நிரலை அவனே போட்டிருந்தான். அலுவலகம் அனுப்பும் திருத்தம் அதைப் போய்ச் சேராது, கையால்தான் போட வேண்டும். அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. மாடிப்படியில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். கதவைத் திறந்ததும் புதினா வாசம் முகத்தில் அடித்தது.

அதற்கு அடியில் அந்த இன்னொரு வாடை.

அத்தை ரூட்டரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ரூட்டரோடு இணைத்திருந்த தொலைபேசியின் ரிசீவர் அவள் காதில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாள். காலைச் சாப்பாடு தட்டில் அப்படியே காய்ந்திருந்தது.

"யாரு அத்தை போன்ல?"

அத்தை கண்ணைத் திறந்தாள். வெகு தூரத்திலிருந்து திரும்பி வருகிறவளைப் போல மருமகளைப் பார்த்தாள்.

"கடற்கரையில குடை பறந்துபோச்சுன்னு அழுதியாமே. என்கிட்ட நீ சொல்லவே இல்லையேம்மா."

அவள் மடிக்கணினியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "எத்தனை நாளா இது?"

"ஆச்சு. நீ ஆபீஸ் போனதும் மணி அடிக்கும். பொழுதுக்கும் பேசும். சாயங்காலம் உன் சத்தம் கேட்டா வெச்சிடும். இப்ப கொஞ்ச நாளா என்னையும் வரச் சொல்லுது. பக்கத்துல இடம் இருக்காம்."

"அத்தை, போனைக் கீழ வைங்க. அது அவர் இல்ல. சத்தியமா அவர் இல்ல."

"தெரியும்."

ரிசீவரிலிருந்து மெலிதாக ஒரு குரல் கசிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பிக்கும் அதே நிதானமான குரல். அது அவள் பெயரைச் சொல்லி, 'வந்துட்டாளா?' என்று கேட்டது.

"பெத்தவளுக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும்மா" என்றாள் அத்தை. ஒரு கையால் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி மருமகளின் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். பிடி ஈரமாக இருந்தது. இத்தனை நாள் தொண்டைவரை வந்து திரும்பிப்போன வார்த்தைகளை, ஒரு வழியாக வெளியே விட்டாள்.

"ஊரு உலகத்துல இருக்கிறதையெல்லாம் சரி பண்ணிடு. இந்த ஒண்ணை மட்டும் சரி பண்ணாதேம்மா."