மூன்று அங்குலப் பிணம்

பிணம் மூன்று அங்குல நீளம் இருந்தது!

இன்ஸ்பெக்டர் டெல்பின் குனிந்து பார்த்தாள். களிமண் மனிதன். பொம்மை வீட்டின் குட்டிச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்ந்து கிடந்தான். முதுகில் குண்டூசி. சுற்றிலும் சிவப்பு...

"கொலைன்னு போன்ல கத்தினது இதுக்கா அண்ணாச்சி?"

"கொலைதான் மேடம்!" என்றார் சிற்பி நேசக்குமார். ஐம்பது வயது. சவரம் மறந்த முகம்.

ஏட்டு அருமைநாயகம் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

துறைமுகச் சாலையில் பழைய உப்பு குடோன் அது. உள்ளே தரை முழுக்கக் களிமண்ணில் ஓர் ஊர்! எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். கலங்கரை விளக்கம், சந்துகள், முத்துக் குளிக்கும் படகுகள், நூற்றுக்கணக்கில் குட்டி ஜன்னல்கள்... எல்லாவற்றிலும் விளக்கு!

டெல்பினுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாற்றலாகி வந்த நாள் முதல் குவார்ட்டர்ஸில் தனியாகப் பார்சல் பிரித்துச் சாப்பிடுகிறவள் அவள். அந்த ஜன்னல்களை விட்டுக் கண் நகர மறுத்தது.

"எப்படி இதெல்லாம் கற்பனை பண்ணுதிய?"

"முதல்ல ஊருக்கு ஒரு சட்டம் போடுவேன் மேடம். இங்கன யாரும் தனியா சாப்பிடக் கூடாது. அவ்வளவுதான்! அதுக்கு ஏத்தாப்ல வீடு, சந்து, மேஜை எல்லாம் தானா வரும்."

அவள் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"செத்தவன் வீட்டுல மட்டும் ஒத்த நாற்காலி! யாரு அவன்?"

நேசக்குமார் தலைகுனிந்தார். "நான்தான்..."

"குடோன் சாவி யார்ட்ட?"

"என்கிட்ட மட்டும்."

"கையைக் காட்டுங்க!"

நகக்கண்ணில் சிவப்புச் சாயம். இன்னும் காயவில்லை!

"நீரே கொன்னுட்டு நீரே போன் போட்டீரா?" ஏட்டு உறுமினார். "பொய்ப் புகார்! உள்ள தள்ளிருவோம்!"

"தள்ளுங்க சார்." அவர் குரல் உடைந்தது. "வருஷக்கணக்கா கட்டினேன். ஒரு ஆள் எட்டிப் பார்க்கலை. சாயங்காலம் குடோன் ஓனர் எல்லாத்தையும் இடிக்க வாராரு. அதுக்கு முந்தி ஒருத்தராவது பார்க்கட்டுமேன்னு... கொலைன்னா வருவீங்கல்லா?"

டெல்பின் ஏட்டின் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டையா! வாசல்ல போலீஸ் டேப் கட்டுங்க. கொலை நடந்த இடம். ஓனரே வந்தாலும் ஒரு செங்கலைத் தொடக் கூடாது!"

"எது வரைக்கும் மேடம்?"

"கொலைகாரன் கிடைக்கிற வரைக்கும்."

"அவருதான் இங்கன நிக்காரே!"

"எங்க? எனக்குத் தெரியலையே!"

போனை எடுத்தாள்.

"கண்ட்ரோல் ரூமா? பெரிய கேஸ்! கைரேகை, மோப்ப நாய், போட்டோகிராபர்... எல்லாரும் உடனே வாங்க. ஆமா, குடும்பத்தோட!"