இடது முன் சில்லு

காரின் இடது முன் சில்லிலிருந்து அந்த உரசல் இன்று காலையும் கேட்டது. தகரத்தைச் சீமெந்துத் தரையில் யாரோ இழுத்துக்கொண்டு போவது போன்ற, பல்லைக் கூச வைக்கும் சத்தம்; கடைசியில் மெல்லிய கிறீச்சிடலாக மாறி, பஸ் இரைச்சலுக்குள் கரைந்து போனது. புதிய பிரேக் பேட் போட்டு ஒரு கிழமைகூட ஆகவில்லை. சுபோதினிக்கு ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்த வேண்டும் போலிருந்தது.

பின் சீட்டில் மகள் ஆரபி, பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்தபடி பாதித் தூக்கத்தில் இருந்தாள்.

இந்தச் சத்தத்தால் சுபோதினி வெள்ளவத்தையில் ஏறாத கராஜ் இல்லை. முதலாமவர் மழையில் பிடித்த துரு என்றார். இரண்டாமவர் டிஸ்குக்குப் பின்னால் கல் சிக்கியிருக்கிறது என்று ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்தும் காட்டினார். கல் போனது. சத்தம் போகவில்லை. மூன்றாவதாகப் பாமன்கடையில் கராஜ் வைத்திருக்கும் அகீலிடம் போனாள். அவன்தான் பேட்டை மாற்றினான்; மாற்றும்போது பழைய பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது இன்னும் அவளுக்கு எரிந்தது.

"மிஸ், டிஸ்க் சூட்டுல நீலம் பாய்ஞ்சி ஈக்கிது. நீங்க பிரேக்ல கால வெச்சிட்டே ஓட்றீங்க. இப்பிடியே போனா ஒரு நாளைக்கு ஒயில் கொதிச்சி, மிதிச்சாலும் பிரேக் புடிக்காது."

"நான் மிதிக்கேல்ல, அகீல்."

"எல்லாரும் அப்பிடித்தான் மிஸ் சொல்ற."

வீட்டில் கணவன் ஜனாவிடம் சொன்னபோது அவன் போனிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. "அவன் சொல்றது சரியாத்தான் இருக்கும். நீர் பயந்து பயந்துதானே ஓடுறனீர்."

காரில் பயந்தது அவள் அல்ல, அவனுடைய அம்மா. பாக்கியலெட்சுமி மாமி முன் சீட்டில், இடது பக்கத்தில்தான் உட்காருவார். முழங்காலுக்குப் பூசிய தைலம் கார் முழுக்க மணக்கும். முன்னால் ஒரு ஓட்டோ தலையைக் காட்டினால் போதும், "பிள்ளை, மெதுவா!" என்று இல்லாத பிரேக்கை இடது காலால் ஓங்கி மிதிப்பார். அந்த இடத்து றப்பர் விரிப்பு தேய்ந்து மெலிந்துவிட்டது. சுபோதினி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவாள்.

போன மாதம் மாமி செத்தபோது, உடலை வைத்திருந்த மலர்ச்சாலையிலிருந்து பொரளை மயானத்துக்குப் பெட்டி புறப்பட்டது. ஆண்கள் பின்னால் போனார்கள். சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேரைச் சுபோதினி பின் சீட்டில் ஏற்றிக்கொண்டாள். அழுது களைத்திருந்தாள். சாவியைத் திருப்பும்போது, வருடக்கணக்காகச் சொல்லிப் பழகியது வாயில் தானாக வந்தது.

"ஏறியாச்சோ மாமி? வாங்கோ, வீட்டை போவம்."

பின்னால் பேச்சு நின்றது. செத்தவீட்டில் யாரையும் வா என்று அழைப்பதில்லை. போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்புவார்கள். "என்ன கதை இது, சுபோ," என்றார் பின் சீட்டிலிருந்த சிவமணி அக்கா. முன் சீட் காலியாகத்தான் இருந்தது. சத்தம் அடுத்த நாள் தொடங்கியது.

அதையும் இதையும் அவள் முடிச்சுப் போடவில்லை. பிரேக் என்றால் பேட், டிஸ்க், ஒயில், அவ்வளவுதான். அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று: ஆரபி பின்னால் இருக்கும்போது பிரேக் பிடிக்காமல் போய்விடக் கூடாது.

ஆரபியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, ஒரு நீண்ட மதில் ஓரமாக, சத்தம் மதிலில் பட்டுத் திரும்புவதற்காக இடது கண்ணாடியை இறக்கிவிட்டு, மெல்லக் காரை உருட்டினாள். கடல் காற்றின் உப்பும் யாரோ வீட்டு மீன் பொரியலும் உள்ளே வந்தன. உரசல் இல்லை. அப்போது பக்கத்துக் குறுகிய ஒழுங்கையிலிருந்து ஒரு சைக்கிள் எட்டிப் பார்த்தது. அவள் பிரேக்குக்குக் காலைக் கொண்டு போகுமுன்பே சில்லு அலறியது.

கால் இன்னும் அக்சிலரேட்டரில் இருந்தது.

சனிக்கிழமை பின்னேரம், மழை இருட்டில், மறுபடி அகீலின் கராஜ். இந்த முறை விடுவதில்லை என்று போயிருந்தாள். அகீல் முன் பக்கத்தை ஜாக்கில் தூக்கி, இடது சில்லின் அருகே குந்தியிருந்து கையால் சுற்றினான். சில்லு வழுக்கிக்கொண்டு சுழன்றது.

"மிதிங்க மிஸ்."

மிதித்தாள். நின்றது.

"உடுங்க."

விட்டாள். மறுபடி சுழன்றது. "பாத்தீங்களா? ஒண்டுமே இல்ல," என்றான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை தரம்தான் இதே பதில்! கதவைத் திறந்து இறங்கி, சுவரோரம் போய் நின்றாள். கதவு சாத்திய சத்தம் மழையில் அவனுக்குக் கேட்டிருக்காது. அவன் இன்னும் சில்லைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

வெளியே வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துச் சடாரென்று நின்றது.

உரசல். கிறீச்சிடல். சில்லு அசையாமல் நின்றது.

"மிஸ், கால எடுங்க."

சுபோதினி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"மிஸ்! கால எடுங்கண்டு சொல்றேனே!"

கார்க் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். ஓட்டுநர் பக்கத்தில் பிரேக் பெடல் கீழே இறங்கியிருந்தது. யாரும் இல்லை. இடது பக்கத்தில், தேய்ந்த றப்பர் விரிப்பு குழிந்திருந்தது. குதிக்கால் அளவுக்கு.

அகீல் எழுந்தான். அவளைப் பார்த்தான். காலியான சீட்டைப் பார்த்தான். ஜாக்கை அவசரமாக இறக்கினான். "கொண்டு போங்க மிஸ். இங்க வெக்க வாணாம்."

வீடு வரைக்கும் சத்தம் கூடவே வந்தது. ஒவ்வொரு ஓட்டோவுக்கும். ஒவ்வொரு நாய்க்கும். பயத்தைவிட ஆத்திரம்தான் அவளுக்குள் கொதித்தது. செத்தும் என் ஓட்டம் உங்களுக்குப் பிடிக்கவில்லையா? அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் காரை நிறுத்தி, சுற்றி வந்து இடது கதவை அகலத் திறந்தாள். அழைத்தது அவள்தான். இறக்க வேண்டியதும் அவள்தான்.

"மாமி, வீடு வந்திட்டுது. இறங்குங்கோ."

கார் லேசாக மேலெழுந்தது. ஒரு ஆளின் பாரம் இறங்கியது போல. தைல மணம் அவளைக் கடந்து படிக்கட்டுப் பக்கம் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலி வீதி நெடுக ஓட்டிப் பார்த்தாள். பஸ்கள் குறுக்கே விழுந்தன, ஓட்டோக்கள் வெட்டின. கொள்ளுப்பிட்டி வரை போய்த் திரும்பியும் ஒரு முனகல்கூட இல்லை. சிக்னலில் தனியாகச் சிரித்தாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

திங்கள் காலை.

"ஆரபி, நேரமாச்சு! ஓடி வா!"

உள்ளறையிலிருந்து வெறுங்கால்கள் ஓடி வந்தன. தப், தப், தப்.

உரசல்.

கிறீச்சிடல்.

சுபோதினியின் கையிலிருந்து கார்ச் சாவி விழுந்தது.

நடை நடுவில் ஆரபி நின்றாள். உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது. வலது கால் அந்தரத்தில். இடது கால் தரையில். தைல மணம்.

"வா, பிள்ளை," என்றாள் சுபோதினி.

ஆரபி இடது காலை இழுத்தாள். குதிக்கால் தரையோட்டில் தேய்ந்து கிறீச்சிட்டது. பாதம் நகரவில்லை.

"அம்மா, நான் நிக்கேல்ல."

அந்தச் சின்னப் பாதத்தின் மேல் தோல் அமுங்கி வெளிறியிருந்தது. அதன் மேல் வரிசையாக ஐந்து குழிகள். ஒரு பெரிய காலின் விரல்கள் அளவுக்கு. அவை இன்னும் ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தன.