கரையில் நின்ற இருவர்

"எங்க வீட்ல பயம்ங்கற பேச்சுக்கே இடமில்லைங்க!" என்று ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டார் அப்பா. கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு அப்படி இரைந்தது.

ரப்பர் படகில் கிளம்பி அன்றோடு மூன்று நாள். இருபுறமும் மலை, காடு. சாலை கிடையாது, போனும் எடுக்காது. இந்த விடுமுறைக்காக அப்பா ஒரு வருடமாகக் கனவு கண்டார். இதுவரை வந்ததெல்லாம் சின்னச் சின்ன நீர்ச்சரிவுகள். இதுதான் பெரியது. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வெள்ளையாய்க் கொதித்தது.

படகோட்டி அக்கா படகைக் கரையில் கட்டினாள். "இதுல படகு நல்லாவே தூக்கிப் போடும். வேணாம்னா கரையோரமா நடந்து கீழே வந்துடலாம். வெட்கப்பட ஒண்ணுமில்ல."

வாலுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பத்து வயது, சேட்டையால் கிடைத்த பெயர் அது. முன்னிருக்கை தனக்குத்தான் என்று காலையிலேயே அண்ணனோடு சண்டை போட்டு வாங்கியிருந்தாள்.

அப்போதுதான் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கினாள், மறுபடி இறுக்கினாள், இன்னொரு முறையும் இறுக்கினாள்.

அப்பா அப்படிச் சொன்ன பிறகு அம்மா எப்படி வாயைத் திறப்பாள்?

வாலு ஆற்றை ஏக்கத்தோடு பார்த்தாள். பிறகு, "எனக்கு வயித்தைக் கலக்குது. நான் நடந்தே வரேன். அம்மா, துணைக்கு வர்றியா?" என்றாள்.

"பயந்தாங்கொள்ளி!" என்று அண்ணன் சிரித்தான். வாலுவின் காது சூடானது. அம்மா மட்டும் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

படகோட்டி அக்கா நீளக் கயிறு திணித்த ஒரு பையை வாலுவிடம் நீட்டினாள். "கீழே அந்தத் தட்டைப் பாறையில நில்லுங்க. யாராவது விழுந்தா கயித்து நுனியைப் பிடிச்சுக்கிட்டு, பையை அவங்க தோளைத் தாண்டி வீசணும். கயித்தை மட்டும் கையில சுத்திக்காதே, பாப்பா."

ஒத்திகை பார்த்தார்கள். முதல் வீச்சு வாலுவின் காலடியிலேயே விழுந்தது. இரண்டாவது, ஒரு புதரில்.

"மூணாவது சரியா விழும்," என்றாள் அக்கா.

அம்மாவும் வாலுவும் பாறைக்கு வந்து நின்றார்கள். நேரம் நகரவே இல்லை. 'புதரில் விழுந்த மாதிரி விழுந்தால்?' வாலு கயிற்றின் நுனியை இன்னும் இறுகப் பிடித்தாள்.

படகு தெரிந்தது. அலையில் ஏறியது, காணாமல் போனது, மறுபடி தெரிந்தது. ஒரு பாறையில் மோதி நிமிர்ந்தது. அதிலிருந்து யாரோ தண்ணீரில் விழுந்தார்கள்.

அப்பா!

சிவப்பு ஹெல்மெட் அலைகளுக்கு நடுவே முங்கி முங்கி வந்தது. வாலு கையை ஓங்கினாள்.

"இரு, கிட்ட வரட்டும்!" அம்மாவின் குரலில் நடுக்கமே இல்லை. "இன்னும் கொஞ்சம்... இப்போ!"

"அப்பா, கயிறு!"

பை பறந்தது. அப்பாவின் தோளைத் தாண்டி விழுந்தது. அவர் கயிற்றைப் பற்றினார். வெடுக்கென்று ஓர் இழுப்பு. வாலு முன்னால் சரிந்தாள். அதற்குள் அம்மா பாறையில் உட்கார்ந்து, குதிகாலை ஊன்றி, அவள் இடுப்பை ஒரு கையால் வளைத்து, மறுகையால் கயிற்றைப் பிடித்தாள்.

"விடாதே, வாலு!"

"விடலம்மா!"

கயிறு விறைத்தது. வெள்ளம் அப்பாவை மெல்லக் கரைப்பக்கம் தள்ளியது. அவர் நாலு காலில் தவழ்ந்து ஏறி, தண்ணீரைக் கக்கினார்.

படகும் வந்து ஒதுங்கியது. அண்ணன் அழுதுகொண்டே ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான்.

"ரொம்பப் பயந்துட்டேன்," என்றார் அப்பா.

"நான் காலையிலேருந்தே பயந்துக்கிட்டிருக்கேன்," என்றாள் அம்மா.

"நான் நேத்துலேருந்து," என்று மூக்கை உறிஞ்சினான் அண்ணன்.

"நான் இந்த வேலைக்கு வந்ததுலேருந்து," என்றாள் படகோட்டி அக்கா.

எல்லோரும் சிரித்து ஓய்வதற்குள், வாலு ஈரக் கயிற்றை ஒரு பிடி ஒரு பிடியாகப் பைக்குள் திணித்து முடித்திருந்தாள்.