தையல்காரி வயலின் கதிர்

விடிந்து கொஞ்ச நேரத்தில் சாவிக்காரர் தையல்காரியின் வயலுக்கு வந்து சேர்ந்தார். கையில் அரிவாள், தோளில் துண்டு, முகத்தில் ஊரையே எழுதி வாங்கிக்கொண்டவரின் மிதப்பு. வாய்க்கால் மதகின் சாவி பன்னிரண்டு வருடமாக அவரிடம் இருந்ததால்தான் அந்தப் பெயர். யார் வயலுக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பதை அவருடைய சட்டைப் பைதான் முடிவு செய்யும். அவரிடமிருந்து அந்தச் சாவியைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் ஒரு தொப்பையும் ஒரு துண்டும்தான். அது அவருக்கே தெரியும்.

அன்றைக்கு அறுவடை விருந்து. அந்த விருந்தில்தான் வருடா வருடம் சாவியை ஊரிடம் கொடுத்து, ஊர் கையால் திரும்ப வாங்க வேண்டும். வாங்குகிறவர் தன் வீட்டு வாசலில் புதுக்கதிர்க் கட்டைத் தொங்கவிட்டு, அதன் கீழே நின்று வாங்க வேண்டும். கதிர் இல்லாத வாசலுக்குச் சாவி கிடையாது. காலையில் மனைவி, "கதிர் எங்கங்க?" என்று கேட்கும்வரை அவருக்கு அந்த நினைப்பே இல்லை. ஊர் மொத்தமும் இந்த முறை அறுப்பு மெஷினை இறக்கியிருந்தது. மெஷின் நெல்லைக் கொட்டும், வைக்கோலைத் துப்பும், முழுசாக ஒரு கதிரைக் கையில் கொடுக்குமா? ஊருக்கே தண்ணீர் அளந்தவருக்கு இந்தச் சின்ன விஷயம் உறைக்கவில்லை.

அறுக்காமல் நின்றது ஒரே ஒரு வயல்தான். வாய்க்காலின் கடைசியில், தையல்காரியுடையது.

அவள் பகலெல்லாம் தையல் மெஷினை மிதித்து ஊருக்குத் துணி தைப்பாள். மிச்ச நேரத்தில் அந்த அரைக்காணி. பயிர் வாடிய மாதத்தில் மூன்று தடவை சாவிக்காரரின் வாசலில் வந்து நின்றாள். "ஒரு நாள் தண்ணி விடுங்கண்ணே, போதும்." மூன்றாவது தடவை பத்துப் பேர் முன்னால் அவர் சிரித்தார். "ஊசி பிடிக்கிறவளுக்கு வயல் எதுக்கு? போய்க் கிழிஞ்சதைத் தைம்மா." பத்துப் பேரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அவரவர் வயலுக்குத் தண்ணீர் வராதே.

அன்று சாயங்காலம் அவளே மதகைத் திருகப் போனாள். மறுநாள் வாய்க்காலில் மிதந்தாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது, மதகு மட்டும் திறந்து கிடந்தது, அவள் வயலில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர். யாரும் களை எடுக்காமல், உரம் போடாமல் அந்தப் பயிர் ஊரில் முதலாவதாக முற்றியது. அதில் யாரும் கைவைக்கவில்லை.

"செத்தவ வந்து சண்டை பிடிப்பாளா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாவிக்காரர் குனிந்தார்.

காற்றே இல்லை. ஆனாலும் கதிர்கள் அவர் பக்கமாகச் சாய்ந்தன. தாள்கள் வெயிலில் நின்றும் ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தன. அரிவாளை இழுத்தபோது தையல் மெஷின் எண்ணெயின் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. எங்கோ கடகடவென்று ஒரு சத்தம். யாரோ பம்பு ஓட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அறுவடை முடிந்த ஊரில் எவன் பம்பு ஓட்டுவான் என்று அந்தப் பெரிய மூளைக்குத் தோன்றவில்லை.

வைக்கோல் பிரியால் கட்டி எடுத்து வந்து வாசல் நிலையில் தொங்கவிட்டார். மனைவி அண்ணாந்து பார்த்தாள். கட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"இது எந்த வயலுங்க?"

"பனி ஈரம்டி. போய் உலையைப் பாரு."

"அவ வயலா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "வேண்டாங்க. கழட்டிடுங்க."

"வாயை மூடு. ஆளுங்க வர்ற நேரம்."

மதியம் கூடம் நிறைந்தது. ஊர் சார்பில் சாவியை எடுத்துக் கொடுக்க டிராக்டர்காரர் வந்திருந்தார். கதிரைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. எந்த வயல் என்று அவருக்கா தெரியாது? இருந்தும் சாவியை நீட்டினார். சாவிக்காரர் கதிரின் கீழே நின்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டார். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். வீரர்கள்!

பிறகு புதுநெல் சோறு. சாப்பிடுமுன் வீட்டுக்காரர் எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கதிர் அறுத்த வயலை விதைத்தவருக்கு முதல் அகப்பை என்பது வழக்கம். பன்னிரண்டு வருடமும் அது அவருடைய வயல், ஆகவே அவருடைய தட்டு. இன்றைக்கும் பழக்க தோஷத்தில் கணீரென்று சொன்னார்:

"இந்தக் கதிரை விதைச்ச கை வந்து முதல்ல சாப்பிடட்டும்!"

கூடம் சில்லிட்டது.

அவருக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த பாயில் மெல்ல ஈரம் படர்ந்தது. ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்த அகலத்துக்குப் படர்ந்து, அதோடு நின்றது.

மனைவி அவர் தட்டில் முதல் அகப்பையைப் போட்டாள். ஆவி பறக்கும் சோறு. அவர் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார்.

சேறு. வாய்க்கால் அடியில் கிடக்கும் குளிர்ந்த சேறு.

துப்பிவிட்டுப் பார்த்தால் வெள்ளைச் சோறுதான். மறுபடி எடுத்தார், மறுபடி சேறு. உள்ளறையில் கடகடவென்று மெஷின் மிதிக்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் தையல் மெஷினே கிடையாது.

ஒருவர் எழுந்தார். "அவசர வேலைங்க" என்றார். அடுத்த நிமிடம் கூடமே காலி. டிராக்டர்காரர் ஒரு செருப்பை விட்டுவிட்டே ஓடினார்.

அப்போது வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் தண்ணீர் இரைந்தது. மதகு திறந்த இரைச்சல். காலையில் அவரே பூட்டிவிட்டு வந்த மதகு.

"எவன்டா அது, சாவி என்கிட்ட இருக்கும்போது!" என்று கத்திக்கொண்டே சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

கை நுழையவில்லை.

பையின் வாய் தைத்திருந்தது. நீல நூல், பொடிப்பொடித் தையல், ஈரம் காயாமல் இருந்தது. உள்ளே சாவி தட்டுப்பட்டது. பிய்த்தார், பல்லால் கடித்தார். மனைவி கத்தரிக்கோல் கொண்டு வந்து வெட்டினாள். துணி கிழிந்ததே தவிர நூல் அறவில்லை. கிழிந்த இடம் கண்ணெதிரே மெல்ல ஒட்டிக்கொண்டது.

அவள் கத்தரிக்கோலைக் கீழே போட்டாள்.

"இந்த முடிச்சு அவளோடதுங்க," என்றாள் கிசுகிசுப்பாக. "என் துணியெல்லாம் அவதானே தைச்சா. எனக்குத் தெரியாதா?"

"ஏதாவது செய்டி..." ஊரை மிரட்டிய குரல் பூனைக்குட்டிக் குரலாகிவிட்டது.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. அவர் தட்டை எடுத்து அந்த ஈரப் பாயின் முன்னால் வைத்தாள். "சாப்பிடு தாயி. உன் சோறுதான்" என்றாள்.

மெஷின் சத்தம் நின்றது.

அதற்குப் பிறகுதான் அவர் வாயில் சோறு சோறாக இறங்கியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் முதல் அகப்பை பாய்க்கு, இரண்டாவதுதான் மகாராஜாவுக்கு. தினமும் சாயங்காலம் வெறுங்கையோடு போய் மதகைப் பார்த்துவிட்டு வருகிறார். மதகு திறந்தே கிடக்கிறது, கடைசி வயல்வரை தண்ணீர் ஓடுகிறது. வேறு சாவி செய்யலாமே என்று யாரும் கேட்கவில்லை. தேவைப்படவில்லை.

அந்தச் சட்டையை மூன்றாம் நாளே கழற்றி வாய்க்காலில் எறிந்துவிட்டு வந்தார். மறுநாள் பெட்டியைத் திறந்து, கடையில் வாங்கி உறை பிரிக்காத புதுச் சட்டை ஒன்றை எடுத்து உதறினார்.

பை தைத்திருந்தது. உள்ளே சாவி கனத்தது. நீல நூலின் நுனியில் ஊசி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.