ஒற்றைத் தண்டை

அந்தத் தண்டையின் மணிகளுக்கு நாக்கு கிடையாது. துடைக்கும்போது நாகஜோதி விரல்நுனியால் தடவிப் பார்த்திருக்கிறாள். உள்ளே வெறும் குழிதான். அப்படியிருந்தும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, திரை இழுத்துவிட்ட அந்த வளைகுடா நாட்டு ஃபஹாஹீல் ஃபிளாட்டில், ஏசியின் இரைச்சலுக்கு அடியில், காய்ந்த மண்ணின் வாடையோடு அந்தச் சத்தம் வந்தது. கிண். நின்று, மறுபடி கிண்.

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வயிறு எரிந்துகொண்டிருந்தது. எகிப்தின் ஆதிக் கிறிஸ்தவர்கள் புதைத்த ஏதோ ஒரு குழந்தையின் கால்களிலிருந்து கழற்றிய வெண்கல ஜோடியாம். பானுப்பிரியா மேடம் அதை ஏலத்தில் எடுத்து, ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தாள். செத்த பிள்ளையின் காலில் கிடந்ததை வீட்டில் வைக்க எப்படித்தான் மனசு வந்ததோ. நேற்று அதில் ஒன்றைக் காணவில்லை. உடனே பழி வேலைக்காரி நாகஜோதி தலையில். சூட்கேஸைக் கவிழ்த்து, உள்பாவாடை வரை உதறிப் பார்த்தாள் மேடம். ஊரிலிருக்கும் தன் மகளைப் பார்க்க லீவில் கிளம்பவிருந்தவளின் பாஸ்போர்ட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"திருடினத வச்சிட்டு அப்புறம் ஊருக்குப் போ."

இவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிய கைக்குத் திருட்டுப் பட்டம்.

கிண்.

சத்தம் மேடத்தின் குழந்தை தாமரையின் அறையிலிருந்து வந்தது. காலையில் அவள் சொன்னது இப்போது உறைத்தது.

"ஆன்ட்டி, என் பெட்ல ஒரு பாப்பா இருக்கு. அதோட லெக் ரொம்ப கோல்ட்."

அப்படியானால் எடுத்து விளையாடுவது பெற்ற மகள்தான். அதைப் பிடுங்கி மேடத்தின் முகத்தில் விட்டெறியும் ஆத்திரத்தோடு நாகஜோதி உள்ளே போனாள்.

இருட்டு. மண் வாடை மூக்கை அடைத்தது. தாமரை தூங்கிக்கொண்டிருந்தாள். நாகஜோதி கால்மாட்டில் போர்வையைத் தூக்கினாள்.

தாமரையின் கால்கள். இரண்டும் வெறுங்கால்கள்.

பக்கத்தில் இன்னும் இரண்டு.

கறுத்தவை. சுள்ளிபோல் உலர்ந்தவை. ஒன்றில் தண்டை. மற்றதில் தண்டை கிடந்த பச்சைக் கறை மட்டும்.

தாமரையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

ஹாலில் கண்ணாடிப் பெட்டி திறக்கும் சத்தம். மிச்சமிருந்ததை ஜோடி பார்க்க எடுக்கிறாள் மேடம்.

"என்ன, கெடச்சிருச்சா? கொண்டா இங்க."

பயத்தையும் மீறிக்கொண்டு ஆத்திரம் வந்தது.

"நீங்களே வந்து கழட்டிக்குங்க மேடம்."

செருப்புச் சத்தம் நெருங்கியது. கட்டிலில், கொலுசு மாட்டிவிடச் சொல்லும் பிள்ளையைப்போல, அந்த வெறுங்கால் வாசலைப் பார்த்து மெல்ல நீண்டது.