இன்னொரு மிடறு

பிள்ளையின் வாய் மார்பிலிருந்து நழுவிய பிறகும் விழுங்கும் சத்தம் நிற்கவில்லை.

லக்ஷிகா குனிந்து பார்த்தாள். பிறந்து பத்தொன்பது நாளான மகள் ஆதினி, உதடு மூடி, கன்னம் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். மடக். சற்று இடைவெளி. மடக். வெளியே, ஆக்லாந்தின் வெஸ்ட்கேட்டில், புது வீடுகள் மீது ஜூலைக் குளிர்கால மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கூரைப் பீலியில் ஓடும் தண்ணீராயிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் தண்ணீர் இப்படி மூச்சு வாங்கி வாங்கிக் குடிப்பதில்லை.

காலையில் வந்த மிட்வைஃப் பாக்யலட்சுமி, தராசிலிருந்து பிள்ளையைத் தூக்கும்போது முகம் சுளித்திருந்தார். ஈப்போவிலிருந்து வந்து இருபது வருஷமாக ஆக்லாந்தில் பிள்ளைப்பேறு பார்ப்பவர்.

"எடை இறங்கிட்டே போகுதேம்மா. விழுங்குற சத்தம் கேக்குதா?"

"ஓம் அக்கா. நல்லாக் கேட்குது."

"தூங்கிட்டா வயிறு நிறைஞ்சுடுச்சின்னு அர்த்தம் இல்ல. குடிக்கிற வேகம் குறையணும், இறுக்கின கை தளரணும், தானா வாயை எடுக்கணும். உடுப்பைக் கழட்டி, பாதத்தைத் தேய்ச்சு எழுப்புங்க. போத்தல்லயும் கொடுத்துப் பாருங்க. நாளைக்கும் இறங்கியிருந்தா ஆஸ்பத்திரிதான்."

இப்போது லக்ஷிகா ஆதினியின் உடுப்பைக் கழற்றினாள். பாதத்தைத் தேய்த்தாள். பிள்ளை கண் திறக்காமலே மார்பைப் பற்றி, இரண்டு தரம் சப்பி, மறுபடி சோர்ந்தது. சத்தம் மட்டும் தொடர்ந்தது. ஆழமாக, ஆசையாக. அவள் சுட்டுவிரலை எடுத்துப் பிள்ளையின் தொண்டையில் மெல்ல வைத்தாள்.

மடக்.

விரலுக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

கணவன் கேதீஸ்வரனுக்குப் போன் எடுத்தாள். அவன் நகரின் மறுபுறம், எல்லர்ஸ்லியில், அலுவலகத்தில் இருந்தான்.

"என்னப்பா, நான் பால் குடுக்கேக்க இன்னொரு ஆள் குடிக்கிற மாதிரிக் கேட்குது."

"நித்திரை இல்லாட்டி அப்பிடித்தான் இருக்கும் லக்ஷி. நாலரைக்கு வெளிக்கிடுறன். கொஞ்சம் படும்."

அவள் படுக்கவில்லை. பால்மா கரைத்து, போத்தலை ஆதினியின் உதட்டில் வைத்தாள். குமிழிகள் வரிசையாக மேலேறின. பால் இறங்கியது. அறுபது மில்லி, நாற்பது, பத்து. போத்தலை எடுத்தபோது பிள்ளையின் உதடு காய்ந்து, வெடித்திருந்தது. நாப்பியைத் தொட்டுப் பார்த்தாள். காலையில் கட்டியது. ஒரு சொட்டு ஈரமில்லை.

ஆதினி அழ வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. அழுவதற்கும் அந்த உடம்பில் பலம் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். ஓடினால், பிள்ளைக்கு வருகிற பாலைக் குடிக்கும் இதுவும் கூடவே வரும். அதை அவள் யாரிடமும் கேட்டு அறியவில்லை. தன் பால் எந்தப் பக்கம் சுரக்கிறது என்று தெரிவதுபோல அது தெரிந்தது.

ஐந்து மணிக்கே அறை இருண்டுவிட்டது. புதுக் கார்பெட்டின் வாசனைக்கு மேலாக இப்போது வேறொரு வாசனை, ஒரு பிள்ளையின் கழுத்து மடிப்பில் நாட்பட்டுப் புளித்த பாலின் வாசனை, அவளுடைய இடப்பக்கமாக, மிகக் கிட்டவாக எழுந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மூன்று போத்தல் கரைத்தாள். ஆதினியை வலக்கையில் அணைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தாள். பிறகு, ஒன்றுமில்லாத இடப்பக்கத்துக்கு முதல் போத்தலை நீட்டினாள்.

"குடி," என்றாள். "நீ முதலில் குடி."

போத்தலின் காம்பை ஏதோ கவ்வியது. போத்தல் அவள் கையில் இழுபட்டது.

முதலாவது முடிந்தது. இரண்டாவதும். மூன்றாவதில் பாதி.

மடக். மடக்.

மடக்.

நீண்ட இடைவெளி.

மடக்.

பிறகு இல்லை. ஒரு சின்னப் பெருமூச்சு மட்டும், புளித்து, வெதுவெதுப்பாக, அவள் கழுத்தில் பட்டது.

அவள் ஆதினியை மார்பில் போட்டாள். பிள்ளை பற்றியது. சப்பியது. விரலுக்குக் கீழே தொண்டை எழுந்து தாழ்ந்தது. மறுபடியும். மறுபடியும். இருபது நிமிஷம். இறுகியிருந்த கை ஒவ்வொரு விரலாக மலர்ந்தது. வாய் தானாக விலகியது. நாப்பிக்குள் வெதுவெதுப்பாக ஈரம் பரவியபோது லக்ஷிகா வாய்விட்டு அழுதாள்.

கீழே கதவு திறந்தது. படியில் கேதீஸ்வரனின் காலடி.

"பிள்ளை குடிச்சிட்டாளோ?"

"ஓம். வடிவாக் குடிச்சிட்டாள்." அவள் சிரித்துக்கொண்டே எழப்போனாள்.

இடக்கை எழவில்லை.

அவன் லைட்டைப் போட்டான். "ஏன் அந்தக் கையை அப்பிடி வளைச்சு வச்சிருக்கிறீர்?"

முழங்கை மடிப்பில் பாரம். ஆதினியைவிடக் கனம். தூங்கிப்போன ஓர் உடம்பின் தளர்ந்த கனம். சட்டைக் கை, ஒரு தலையளவு வட்டமாக, உள்ளே அழுந்திக் கிடந்தது. அதற்குச் சற்று மேலே, வெறும் காற்றில், ஒரு வெள்ளைக் கோடு தோன்றியது. பால். மெல்ல வழிந்தது. வாய்க்குக் கீழே நாடி இருக்க வேண்டிய இடத்தில் திரண்டு, நின்று, அவள் மணிக்கட்டில் சொட்டியது.

"லக்ஷி?"

அவள் ஆதினியை வலக்கையில் இறுக்கிக்கொண்டாள்.

பாரம் தூக்கத்தில் புரண்டு, ஆதினியின் பக்கம் திரும்பிப் படுத்தது.