தாய்மாமன் இலையில் கேசரி

கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளித்தார்கள், சந்தனம் கொடுத்தார்கள், பிறகு கொசுவை விட்டுக் கடிக்க வைத்தார்கள். நிலாவின் தென்கோடிக் குடியிருப்பில் அதுதான் வழக்கம். யாரும் முகம் சுளிப்பதில்லை. அது குருதிக்கொசு என்கிற குட்டி இயந்திரம். வருகிறவர்களிடம் ஆளுக்கு ஒரு துளி ரத்தம் எடுத்து, அதில் மிதக்கும் குறிப்புரதங்களைப் படித்து, சமையற்கட்டுக்குச் சொல்லிவிடும். சர்க்கரை நோய் யார் கண்ணில் கைவைக்கப் போகிறது என்பதை அந்தப் புரதங்கள் பல வருஷம் முன்னதாகவே காட்டிக்கொடுத்துவிடும். அப்போதே வாயைக் கட்டி, சில மாதம் மருந்து சாப்பிட்டால் பார்வை தப்பிவிடும். அவ்வளவு சுலபம். மாட்டிக்கொண்டவர் இலைக்கு மட்டும் பரிமாறும் இயந்திரம் இனிப்பு வைக்காமல் நாசூக்காகத் தாண்டிப் போகும்.

திலகவதியின் மகள் நிறைமதிக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முந்தைய டிபன் பந்தி ஜோராக நடந்துகொண்டிருந்தது. பூமியில் இலையை மீறி ஓடுகிற சாம்பார், நிலாவில் நிதானமாக நடந்துதான் போகும் என்பதால் யாருக்கும் அவசரமில்லை. கேசரி வந்தது. வரிசையாக வைத்துக்கொண்டே வந்த இயந்திரம் ஒரே ஒரு இலையைத் தாண்டியது.

தாண்டினது யாரை என்கிறீர்கள்? திலகவதியின் அண்ணன் செங்கல்வராயனை! பெண்ணுக்குத் தாய்மாமன். அவர் கைபிடித்து அழைத்து வராமல் பெண் மணமேடை ஏற முடியாது. மனிதர் தன் இலையைப் பார்த்தார். பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு வண்டியோட்டியின் இலையைப் பார்த்தார். அதில் முந்திரியோடு கேசரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தவர், கொண்டுவந்த சீர்த்தட்டுகளைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

திலகவதி சமையற்கட்டுக்கு ஓடினாள். விருந்து வைக்கிறவர் கேட்டால் இயந்திரம் காரணம் சொல்லியாக வேண்டும். சொன்னது.

"விழித்திரையின் நுண்குழாய்கள் கசியத் தொடங்க இன்னும் நான்கு ஆண்டுகள் உள்ளன. இப்போதே மருந்து தொடங்கினால் பார்வைக்கு ஆபத்தில்லை. இனிப்பு வைக்க எனக்கு அனுமதி இல்லை."

அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, நிலாவுக்கு அழைத்து வந்ததெல்லாம் அந்த அண்ணன்தான். அவர் கண்ணுக்கு ஒன்று என்றால் அவளுக்குத் தாங்காது. பின்னாலேயே வந்த கணவர் முனிரத்தினம் வியர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார்.

"கண்ணுக்கு நாலு வருஷம் டைம் இருக்கு திலகா. முகூர்த்தத்துக்கு இல்ல."

கேசரிப் பாத்திரத்தைத் தானே தூக்கிக்கொண்டு போனாள். அண்ணனைக் கெஞ்சி உட்காரவைத்து, கைப்பட ஒரு கரண்டி வைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைக் காதோடு சொன்னாள். நாளைக்கே மருந்தை ஆரம்பித்துவிடலாம் என்றாள். முதலில் மரியாதை, அப்புறம் மருந்து என்றார் அவர். ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கினார். சின்ன வயதிலிருந்தே அவருக்குக் கேசரி பிடிக்காது.

தாலி ஏறியது. கூடவே ஒரு புது வழக்கமும் ஏறிக்கொண்டது. தங்கை கைப்படப் பரிமாறிய கதை குடியிருப்பு முழுக்கப் பரவ, இயந்திரம் தாண்டிப்போன இலைக்கு வீட்டுக்காரரே வந்து, கூடக் கொஞ்சம் நெய்விட்டு, உபசரித்துப் பரிமாறுவது எல்லா விசேஷத்திலும் கௌரவமாகிப் போனது. திடகாத்திரமாக இருந்தவர்கள், எனக்கு மட்டும் மிஷின்தானா என்று மூக்கைச் சிந்தினார்கள். சிலர் கல்யாணத்துக்கு முன்னால் வெல்லத்தைக் கரைத்துக் குடித்துவிட்டுக் கொசுவிடம் கை நீட்டிப் பார்த்தார்கள்.

செங்கல்வராயனுக்கு எங்கே போனாலும் முதல் பந்தி. பிடிக்காத இனிப்பும் மெல்லப் பிடித்துப்போனது. மருந்து மட்டும் தை பிறக்கட்டும், அமாவாசை கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது. திலகவதி நச்சரித்தபோது ஒருநாள் மனசுவிட்டே சொன்னார்:

"மருந்தச் சாப்பிட்டா கொசு என்னை நல்லா இருக்கேன்னு சொல்லிடும்மா. அப்புறம் என்னை எவன் கவனிப்பான்?"

ஆறு வருஷம் கழித்து நிறைமதியின் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. கைத்தாங்கலாக அழைத்து வந்து உட்காரவைத்த செங்கல்வராயன், சோறு விழுந்ததுமே சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். ஊரெல்லாம் லட்டு தின்கிறது, என் இலைக்கு மட்டும் வரவில்லையா, வேண்டாதவனாகிவிட்டேனா என்று துண்டைத் தேடினார்.

லட்டு அவர் இலையில்தான் இருந்தது. சற்று முன் திலகவதியே வைத்திருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணனின் கையைப் பிடித்து, விரல்களை லட்டின் மேல் கொண்டுபோய் வைத்தாள். அழுகையை அடக்க முடியவில்லை.

"யார் வெச்சது? மிஷினா?" என்றார் சந்தேகத்தோடு.

"நான்தாண்ணா வெச்சேன்."

அவர் முகம் மலர்ந்தது. எதிர்ப் பந்தியில் ஒரு அம்மாள் உச்சுக்கொட்டி, உரக்கச் சொன்னாள்:

"பாவம், கண்ணு தெரியாத மனுஷன். இன்னொரு லட்டு வைம்மா."